சிறு பாய்ப்படகில் முதற் கடற்பயணம்

மேலகரத்துக்குக் கடல் கிடையாது. மேற்கே திரிகூட மலை, மலையடியில் குற்றால அருவி, கிழக்கே தென்காசிக் கோபுரம், இடையே வயலும் தென்னந்தோப்புமாக அமைந்த ஊர் அது. குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர் என்பதனால், தமிழ் பயிலும் மாணவர்கள் அதன் பெயரை அறிந்திருப்பீர்கள். அவ்வூரில் பிறந்து, அருவி நீரையும் குளத்து நீரையும் தவிர வேறு பெருநீரைப் பதினெட்டு வயது வரையில் காணாத நான், சிறு படகில் பாய் விரித்துக் கடலோரமாகச் செல்வது எங்ஙனம் என்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இவனுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது நியாயமே.

உறவு இரண்டு உண்டு. ஒன்று நீர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, கிழக்கே ஓடி, சீவலப்பேரியின் அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியோ புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆகவே எங்களூர்க் குளியல் நீரின் ஒரு பகுதி கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. மற்றோர் உறவு காற்று. அது முந்தியதைவிட நெருக்கமானது. அதை உணராததனால் ஒரு நாள் நானும் என் நண்பரும் நடுக்கடலுக்குப் போய்விட இருந்தோம்.

நான் வேலையின் பொருட்டுத் தூத்துக்குடியில் தங்கியிருந்த காலம். என் நண்பர் பதினாறடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றை வைத்திருந்தார். பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, இரண்டு துடுப்பு, கையளவு நங்கூரம் ஒன்று. அவ்வளவே அதன் செல்வம். ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்குச் சென்றோம். கடல், குளத்தைப் போலக் கிடந்தது. அலையே இல்லை. மேற்கிலிருந்து நல்ல காற்று. இதைவிட ஏற்ற நாள் வாய்க்காது என்று எண்ணிப் பாயை விரித்தோம். படகு பறந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு கடல்மைல் வந்துவிட்டோம். போதும், திரும்பலாம் என்று சுக்கானைத் திருப்பியபோதுதான் வந்த வழி வேறு, போகும் வழி வேறு என்பது விளங்கிற்று. கரையில் கண்ணாடியாக இருந்த நீர் இங்கே குத்துக்குத்தாக எழுந்து படகுக்குள் விழுந்தது. ஒரு மணி நேரம் போராடியும் கரை அருகே வரவில்லை. நங்கூரத்தைப் போட்டோம். கயிறு குட்டையாதலால் அது தரையைப் பற்றாமல் இழுபட்டு வந்தது. எங்களுக்குக் கிழக்கே, ஏறத்தாழ நூறு கடல்மைலுக்கு அப்பால், இலங்கைதான்.

மீன்பிடித்துத் திரும்பிய ஒரு வள்ளத்தார் எங்களைக் கண்டு, கயிறு வீசி, கரைக்கு இழுத்து வந்தனர். வள்ளத்திலிருந்த முதியவர் கோபிக்கவில்லை. “எந்த ஊரு தம்பி?” என்று மட்டும் கேட்டார். “மேலகரம், அண்ணாச்சி. குற்றாலத்துப் பக்கம்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அப்போ இது உங்க ஊர்க் காத்துல்லா! அங்கேயே பார்த்துட்டு வந்திருக்கலாமே” என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு பூகோள சாத்திரம் அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைமேல் மோதுகிறது. மலை ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. மலைச்சுவரில் மூன்று பெரிய வாயில்கள் உள்ளன: பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய். செங்கோட்டை வாயில் வழியாகப் புகும் காற்றுத்தான் எங்களூரில் சாரலைத் தூவுகிறது. மழையை மலையிலும் அடிவாரத்திலும் கொட்டிவிட்டு, வறண்ட வேகத்துடன் கிழக்குச் சமவெளியைக் கடந்து, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தூத்துக்குடிக் கரையிலிருந்து கடலுக்குள் பாய்கிறது. மேல்காற்று என்றும் கச்சான் என்றும் கடலோர மக்கள் வழங்குவது இதனையே. எங்களூரில் சாரல் கட்டி, குற்றாலத்தில் கூட்டம் கூடுகிறதென்றால், அதே காற்று தூத்துக்குடிக் கடலில் சிறு படகுகளைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் கரையில் கடல் அமைதியாக இருந்தது ஏன்? இதுதான் புதியவர்களை ஏமாற்றும் இடம். அலை எழுவதற்கு மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்குக் கரையருகில் நீர்ப்பரப்பே இல்லை. ஆகவே எத்துணை வேகமாக வீசினாலும் கரையில் அலை எழாது. ஒரு மைல், இரண்டு மைல், ஐந்து மைல் என்று போகப் போக, அதே காற்றே அலையை வளர்த்துவிடுகிறது. கரையில் நின்று நீரைப் பார்த்துக் கடலை மதிப்பிடுபவன் ஏமாறுவான். பார்க்க வேண்டியது நீரையன்று, கரையிலுள்ள பனையோலை எந்தப் பக்கம் பறக்கிறது என்பதையே.

திரும்புவது கடினமானதற்கும் காரணம் உண்டு. எந்தப் பாய்க்கலமும் காற்றின் முகத்துக்கு நேரே செல்ல இயலாது. காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை விலகி, முதலில் வலப்பக்கமாகவும் பிறகு இடப்பக்கமாகவும் மாறி மாறிச் சென்றே எதிர்காற்றில் முன்னேற வேண்டும். கணக்குத் தெரிந்த மாணவர் உடனே சொல்லிவிடுவார்: ஒரு மைல் முன்னேறுவதற்கு 1.4 மைல் ஓட வேண்டும். அதுவும் அலையற்ற நீரில், தேர்ந்த மாலுமியின் கையில். அலை முட்டுகையில் படகு பக்கவாட்டில் நழுவுவதால் இது இரு மைலாகவும் ஆகலாம். அன்றியும், காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அரை மணியில் போன தூரத்தை அரை மணியில் திரும்ப முடியாது என்பதை நாங்கள் இக்கணக்குப் போடாமலே, உடல் நனைந்து கற்றுக்கொண்டோம்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நண்பர் படகை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, “ஒரு பயணமாவது முறையாகத் திட்டமிட்டுப் போய்வருவோம்” என்றார். தூத்துக்குடியிலிருந்து கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டே திருச்செந்தூர் செல்வதென்று தீர்மானித்தோம். எட்டு மாதம் காத்திருந்தோம். அந்த எட்டு மாதத்தில் செய்ததுதான் பயணம். கடலில் கழித்த ஏழு மணி நேரம் அதன் பின்னிணைப்பு என்றே சொல்வேன்.

வடக்கே போகலாகாதா என்று முதலில் ஆராய்ந்தோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் தீவில் இறங்குதல் கூடாது. நீருக்கடியில் நிற்கும் பாறை, முதல் பயணம் போகிறவனுக்கு நல்ல ஆசிரியனும் அன்று. தெற்கே பெரும்பாலும் மணற்கரை. எனவே தெற்கு.

அடுத்தது காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆகாது என்பதை அனுபவத்தில் அறிந்தாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம், மழையும் புயலும். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் உருவான வேகத்தை நினைத்துப் பாருங்கள். அதற்குச் சில நாட்கள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர் பலருக்குச் செய்தி எட்டவில்லை, பலர் திரும்பவேயில்லை. கடலையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு அக்கதி நேருமாயின், பொழுதுபோக்காகப் போகும் நாம் அக்காலத்தில் கரையிலிருப்பதே அழகு. பழைய தூத்துக்குடித் தோணிகளின் தண்டல்களும் பருவம் பார்த்தே பாயேற்றினார்கள். இயந்திரம் பொருத்திய இக்காலத் தோணிகளும் தென்மேற்குப் பருவத்தில் மாலத்தீவுப் பயணத்தை நிறுத்திவைக்கின்றன. எங்களுக்கு எஞ்சியது பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சு மாதமும். வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்காத இடைவேளை அது.

இந்த இடைவேளையில் காற்று ஒரு நாளுக்குள்ளேயே முறை மாறும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய கரைக்காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று எதிர்த்துப் புறப்படும். காலையில் கட்டுமரம் போவதும் பிற்பகலில் திரும்புவதும் இந்த இரு காற்றையும் நம்பித்தான். தூத்துக்குடிப் பக்கத்தில் கடற்காற்று கிழக்கிலோ தென்கிழக்கிலோ தோன்றிப் பிற்பகலில் வலுக்கும். ஆகவே தெற்கே போகிறவனுக்குக் காலைக் காற்று துணை. நண்பகலுக்குப் பிறகு வீசுவது முகப்புப் பக்கமாக எதிர்க்கும். ஆனால் அதே பிற்பகற்காற்று தூத்துக்குடிக்குத் திரும்புகிறவனுக்குப் பின்னின்று தள்ளும் நற்காற்று. இந்த ஒரு செய்தியின் மேல்தான் எங்கள் திட்டம் முழுவதும் நின்றது.

தூரத்தைக் கணக்கிட உங்கள் பள்ளித் தேசப்படமே போதும். அட்ச ரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல்மைல். அது 1,852 மீட்டர். தூத்துக்குடி 8 பாகை 48 கலை. திருச்செந்தூர் 8 பாகை 30 கலை. எனவே நேர்தெற்காக 18 கடல்மைல். ஆனால் படகு நேராகச் செல்லாது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. பழைய துறையிலிருந்து புறப்பட்டு அவற்றைச் சுற்றிச் சென்றால் 21 மைல். எங்கள் படகின் சராசரி மணிக்கு மூன்று கடல்மைல். படகுக்காரர் எல்லாரும் தம் படகின் வேகத்தைக் கூட்டியே சொல்வார்கள். நண்பர் நாலரை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு மிதவைகளுக்கிடையே ஓடவிட்டு, கடிகாரம் பார்த்து, மூன்று என்று நான் முடிவு கட்டினேன். ஆக ஏழு மணி நேரம். காலை ஆறுக்குப் புறப்பட்டால் பிற்பகல் ஒன்றுக்குச் சேரலாம்.

துறைமுக வாயிலில் பெருங்கப்பல்கள் வரும். விசைக்கலம் பாய்க்கலத்துக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு பொதுவிதி உண்டு. அதை நம்பிக் குறுகிய கப்பற்கால்வாயில் மார்தட்டி நிற்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் அனைத்துலக விதிகளே அங்குச் சிறு படகு ஒதுங்க வேண்டும் என்று கூறுகின்றன. பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் நினைத்த மாத்திரத்தில் நிற்காது. கால்வாயைக் குறுக்கே, நேர்கோணத்தில், விரைந்து கடப்பதென்று குறித்துக்கொண்டோம்.

வழிக்கு அடையாளங்கள் வேண்டுமல்லவா? ஜி.பி.எஸ். கருவி கையிலிருந்தது. எனினும் மின்கலம் தீர்ந்தாலும் தீராத அடையாளம் கரையிலேயே உண்டு. திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரம் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுடையது. உயரமான பொருள் கடலில் எவ்வளவு தொலைவில் தெரியும் என்பதற்கு எளிய வாய்பாடு ஒன்று சொல்கிறேன். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டித்தால் ஏறக்குறையக் கடல்மைல் வரும். நாற்பதின் வர்க்கமூலம் ஆறேகால்; இரட்டித்தால் பன்னிரண்டரை. படகில் அமர்ந்திருக்கும் நம் கண்ணின் உயரம் ஒரு மீட்டர், அதற்கு இரண்டு. கூட்டினால் பதினான்கரை. பூமி உருண்டை என்பதற்கு இதைவிட இனிய சான்று எனக்குத் தெரியாது. மங்கல் இருந்தால் இதில் பாதிதான் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். வழியில் பாதிக்குச் சற்று மேல், பன்னிரண்டாம் மைலில் புன்னைக்காயல் இருக்கிறது. எங்களூர் நீர் கடலில் விழும் அதே இடம். ஆபத்துக்கு அங்கு ஒதுங்கலாமே என்று படத்தைப் பார்ப்பவர் நினைப்பார். ஆற்றுமுகம் எப்போதும் புகலிடம் ஆகாது. ஆறு கொணரும் மணலும் அலை தள்ளும் மணலும் சேர்ந்து வாயில் திட்டுக் கட்டும். வழி ஆண்டுதோறும் மாறும். அறியாதவன் அதற்குள் நுழையலாகாது. எனவே புன்னைக்காயலை ஒதுங்குமிடமாகக் கொள்ளவில்லை. முடிவு செய்யும் இடமாகக் கொண்டோம். காலை பத்தரைக்குள் புன்னைக்காயலுக்கு நேரே வந்துவிட்டால் மேலே செல்வது. வராவிட்டால், காரணம் எதுவாயினும், வாதமின்றித் திரும்புவது. ஏனெனில் அதற்குமேல் போனால் மீதியுள்ள ஒன்பது மைலும் கடற்காற்றோடு மல்லுக்கட்டுவதாகும். திரும்பினால் அக்காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இதைக் கரையிலேயே எழுதி வைத்தோம். கடலில் வைத்து முடிவு செய்ய முனைந்தால் ஆசையும் களைப்பும் வெட்கமும் சேர்ந்து வாக்களிக்கும்.

எழுதிய தாளின் ஒரு படியை மேலகரத்திலிருந்த என் அக்காவுக்கு அனுப்பினேன். புறப்படும் நேரம், புன்னைக்காயல் நேரம், சேரும் நேரம், படகின் நிறம், எங்கள் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. மாலை நான்கு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண்ணுக்கும், தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்னும் எண்ணுக்கும் சொல்ல வேண்டும் என்று அடியில் குறித்திருந்தேன். அக்கா தொலைபேசியில், “ஏன் தம்பி, இப்படி எழுதிக் கொடுத்துட்டுப் போகணுமா? போகாம இருந்தா என்ன?” என்றார். பதில் சொல்லக் கடினமான கேள்வி அது. குழுமத்தாரிடமும் துறைமுகத்தாரிடமும் முன்கூட்டியே தெரிவித்தோம்.

ஏற்றிச்சென்ற பொருள்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. உயிர்காப்புச் சட்டையை அணிந்துகொள்ள வேண்டும். படகில் கிடக்கும் சட்டை யாரையும் காக்காது. ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீர். நீர் இறைக்க வாளி. முந்திய பாடத்தின் பயனாக, நங்கூரக் கயிறு மட்டும் புதிதாக வாங்கினோம். நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும். கயிறு நீண்டு சாய்ந்தால்தான் இழுப்புத் தரையோடு ஒட்டிச் சென்று, கொக்கி மணலில் ஊன்றும். குட்டைக் கயிறு கொக்கியை மேல்நோக்கித் தூக்கிவிடும்.

வானிலை அறிக்கையை மூன்று நாள் முன்பிருந்தே பார்த்துவந்தோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. ஐதராபாத்திலுள்ள கடல்தகவல் மையம் அலையின் உயரத்தையும் முன்னறிவிக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும். காற்றே இல்லாத நாளிலும், தென்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நம் கரையில் வந்து எழுவதுண்டு. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர்.

மார்ச்சு முதல் வாரத்தில், ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கரைக்காற்று துறைமுகத்தைச் சுற்றும்வரை உதவிற்று. எட்டரைக்கு அடியோடு நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. துடுப்புப் போட்டோம். பத்தரை மணிக்கு நாங்கள் இருந்த இடம் புன்னைக்காயலுக்கு மூன்று மைல் வடக்கே. அந்நேரத்தில், தெற்கு அடிவானத்தில், பெருவிரல் நகமளவு சாம்பல் நிறமாகக் கோபுரம் தோன்றியது. நண்பர் அதைச் சுட்டிக்காட்டி, “அதோ தெரிகிறதே, போய்விடலாம்” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே சுக்கானைத் திருப்பினார். பதினொன்றே காலுக்குத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. இரண்டு மணிக்கு, நனையாமல், பழைய துறையில் இறங்கினோம். அன்று மூன்று மணியளவில் அக்காற்று நன்றாக வலுத்து, கரையில் அலை வெளுத்து உடைந்ததைத் தேநீர்க் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் புறப்பட்டோம். அம்முறை கரைக்காற்று நீடித்தது. பத்தே கால் மணிக்குப் புன்னைக்காயல். சிற்றாற்று நீர் கலந்த கலங்கல் கோடு ஒன்று கடலில் தெரியும் என்று எதிர்பார்த்தேன். கோடைக்கால ஆற்றில் அவ்வளவு நீர் ஏது? ஒன்றும் தெரியவில்லை. காயல்பட்டினத்தைக் கடந்ததும் கோபுரத்தின் நிலைகளை எண்ண முடிந்தது. அது கோயிலுக்கு மேற்கே நிற்பதால், கடலிலிருந்து வருபவர்களுக்குக் கோயிலுக்குப் பின்னால் எழுந்து எட்டிப் பார்ப்பதுபோல் காட்சியளிக்கிறது. பன்னிரண்டே முக்காலுக்கு, ஊருக்கு வடக்கே, அலை தணிந்த மணற்கரையில் இருந்த மீனவர் சிலர் கைகொடுக்கப் படகை ஏற்றினோம்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். “சேர்ந்துட்டோம் அக்கா.” “நான்கு மணி வரைக்கும் நேரம் இருக்கே, அதுக்குள்ளேயா?” என்றார். பிறகு, தாளில் ஒவ்வொரு வரியாக அடித்துவருவதாகச் சொன்னார். கடைசி வரியை அடிக்கும் பேனாவின் ஓசை எனக்குக் கேட்டது.